இரண்டு யன்னல் அலுவலகமும் மாகிரட்டின் கலியாணமும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சில்லைக் கண்டுபிடித்தது, அதன்பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தச் சோம்பலுக்கெல்லாம் பரிகாரமாகத் திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி, ஒரு கயிற்றுக் கடையின் மேல்மாடியில் 'இருகரை நல்லுறவுக் குடியமர்வு ஒருங்கிணைப்பு அலுவலகம்' திறந்துவைக்கப்பட்டது. அண்டை நாட்டில் போய்க் குடியிருக்க விரும்புகிறவர்கள் இனிமேல் கொழும்புக்குப் போய் அலையத் தேவையில்லை. உள்ளூரிலேயே அலையலாம்.

'ஒரே கூரையின்கீழ் எல்லாச் சேவையும்' என்று வாசலில் பலகை தொங்கியது. கூரை ஒன்றுதான், அதில் பொய்யில்லை. அதன்கீழே இரண்டு யன்னல்கள். முதலாவதில் 'புறப்படுதல்' என்றும் இரண்டாவதில் 'வந்துசேர்தல்' என்றும் எழுதியிருந்தது. முதலாவது இந்த நாட்டின் சார்பில் பேசும், இரண்டாவது அந்த நாட்டின் சார்பில் பேசும். இரண்டு யன்னல்களுக்கும் பின்னால் இருந்தவர் ஒருவரே. திரு. கனகசூரியம். முதல் யன்னலில் அவர் 'பிரதி உதவி ஒருங்கிணைப்பாளர்'. இரண்டாவதில் 'உதவிப் பிரதி ஒருங்கிணைப்பாளர்'. ஆளணிப் பற்றாக்குறைதான் காரணம் என்று வெளியில் சிலர் கதைத்தார்கள். உண்மையில் அது நல்லுறவின் உச்சம். இரண்டு நாடுகள் ஒரே சில்லுக் கதிரையில் உட்கார்ந்திருப்பதை உலகில் வேறெங்கே பார்க்கலாம்?

அலுவலகம் திறந்த வாரமே படியேறியவர்களுள் உப்புவெளி மாகிரட்டும் ஒருவர். ஐம்பத்திரண்டு வயது. கணவர் காலமாகிப் பதினொரு வருடம். கடற்கரை விடுதிகளுக்கெல்லாம் மீன் ரோல்ஸ் பொரித்துக் கொடுப்பது தொழில். அவருடைய குசினியில் எண்ணெய் கொதிக்கும் வாசம் வந்தால் வெள்ளைக்காரர்கள்கூடக் கடலைவிட்டு ஏறி வருவார்கள். இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு அண்டை நாட்டில் குடியேறும் எண்ணம் ஏன் வந்தது என்றால், அதற்குக் காரணம் இந்தியக் கரையில், தங்கச்சிமடத்தில் இருந்தது. அதன் பெயர் சவரிராயன்.

முந்தின வருடம் கச்சதீவு அந்தோனியார் பெருநாளுக்குப் பங்குச் சனத்தோடு மாகிரட்டும் போயிருந்தார். இரண்டு கரையாரும் கடவுச்சீட்டு இல்லாமல் ஒரே மணலில் முழந்தாளிடுகிற இடம் அது. தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நீண்ட வரிசை. ஒரு நெடிய மனிதர் வரிசையைக் கவனிக்காமல் நேராக முன்னுக்குப் போனார்.

"இஞ்சேருங்கோ! வரிசை பின்னால இருக்கு," என்றார் மாகிரட்.

"நான் தண்ணி புடிக்க வரலைங்க. மோட்டார் நின்னுருச்சு, அதைச் சரி பண்ண வந்தேன்."

சற்று நேரத்தில் மோட்டார் உறுமியது, தண்ணீர் பாய்ந்தது, வரிசை கைதட்டியது. மாகிரட்டுக்கு முகம் சிவந்துபோனது. வெட்கத்தை மறைக்கப் பையிலிருந்து ஒரு மீன் ரோல்ஸை எடுத்து நீட்டினார். சவரிராயன் கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார்.

"இது என்னதுங்க?"

"மீன் ரோல்ஸ்."

"இன்னொன்னு இருக்குமா?"

இரண்டு நாடுகளுக்கிடையில் எத்தனையோ மாநாடுகளில் எட்டப்படாத உடன்பாடு அந்த இடத்தில், அந்த மூன்று வாக்கியங்களில், கையெழுத்தில்லாமல் எட்டப்பட்டது.

சவரிராயனும் மனைவியை இழந்தவர். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற பட்டறை ஒன்று வைத்திருந்தார். படுத்த படுக்கையாகத் தாய். ஆகவே அவரால் ஊரை விட்டு வர ஏலாது. பின்னேரங்களில் தொலைபேசியில் கதைத்தார்கள். எஞ்சினைப் பற்றிக் கதைத்தார்கள், எண்ணெயைப் பற்றிக் கதைத்தார்கள், முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருநாள் சவரிராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "மாகிரட்டு, நீங்க அங்க டீ குடிக்கிறீங்க, நான் இங்க டீ குடிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே வீட்ல உக்காந்து குடிச்சா செலவு கம்மிதானே?"

மாகிரட் தொலைபேசியை மாவுக்கையால் பிடித்தபடி வெகுநேரம் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு, "ஓம்," என்றார்.

மாவு பிசைந்து கொடுக்க வருகிற ஜெஸீமாவுக்குத்தான் முதலில் சொன்னார். ஜெஸீமா ரோல்ஸ் உருட்டுவதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அல்லாஹ்! அக்கா, நீங்க புதுப் பொண்ணா? நான் கலியாணத்துக்கு என்னத்த உடுத்துக்கிட்டு வாற?"

"முதல் நான் போய்ச் சேர வேணும், ஜெஸீமா. பிறகு உடுப்பைப் பற்றி யோசிப்பம்."

"போறதுக்கு என்ன? அந்தா தெரியிற கடல்தானே."

ஜெஸீமாவுக்குச் சட்ட அறிவு போதாது. அதனால்தான் இப்படியொரு அலுவலகம் தேவைப்படுகிறது.

முதல்நாள் 'புறப்படுதல்' யன்னலில் கனகசூரியம் மாகிரட்டை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். அவருடைய கழுத்துப்பட்டி ஒரு துளி மடிப்பில்லாமல் தொங்கியது.

"என்ன நோக்கத்துக்காகப் போய் இருக்கப் போறியள், அம்மா?"

"கலியாணம் முடிக்க, சேர்."

அவர் விரலால் ஒரு பட்டியலைத் தடவிக்கொண்டே போனார். "கல்வி இருக்கு. வைத்தியம் இருக்கு. ஆராய்ச்சி இருக்கு. யாத்திரை இருக்கு. கலியாணம் எண்டு ஒரு பிரிவு இல்லை. 'மனைவி' எண்டு ஒண்டு இருக்கு."

"அப்ப அதைப் போடுங்கோ."

"நீங்கள் மனைவியோ?"

"இன்னும் இல்லை. ஆகத்தான் போறன்."

"ஆனாப் பிறகுதான் அந்தப் பிரிவு. அங்க பதிவுக் கலியாணம் முடிக்கிறதெண்டா முதல்ல முப்பது நாள் அங்க குடியிருக்கோணும்."

"குடியிருக்கிறதுக்கு?"

"மனைவியா இருக்கோணும்."

மாகிரட் இதை மனதுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் உருட்டினாலும் அது வட்டமாகவே இருந்தது.

"அப்ப சேர், சட்டம் எங்களைக் கலியாணம் முடிக்க விடாதோ?"

கனகசூரியம் புண்பட்டவர்போல் பார்த்தார். "சட்டம் ஒருத்தரையும் தடுக்கிறேல்லை, அம்மா. ஒழுங்குபடுத்துது."

கடைசியில் அவரே கருணையோடு ஒரு வழி சொன்னார். பட்டியலின் அடியில் 'ஏனையவை' என்று ஒரு பிரிவு இருந்தது. எந்தப் பிரிவிலும் அடங்காத மனிதர்களுக்காக முன்னோர்கள் விட்டுவைத்த இடம். சவரிராயன்மேல் மாகிரட்டுக்கு இருந்த பிரியம் அன்று முதல் உத்தியோகபூர்வமாக 'ஏனையவை' ஆனது.

"இனி ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ். பொலிஸ் அறிக்கை. வைத்திய அறிக்கை. முந்தின கணவரின்ர மரணச் சான்றிதழ், ஆறு மாசத்துக்குள்ள எடுத்தது."

"அவர் செத்துப் பதினொரு வருசம், சேர்."

"அது தெரியும். இப்பவும் செத்துத்தான் இருக்கிறார் எண்டு உறுதிப்படுத்தோணும்."

வெளியே வரும்போது வாசலில் இருந்த சிறிய திரை அவரிடம் கேட்டது: 'எமது சேவை எப்படி இருந்தது?' கீழே சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். மாகிரட் யோசித்துக்கொண்டு நிற்க, கனகசூரியம் பின்னால் வந்து சிரிக்கிற முகத்தை மெதுவாக அழுத்திவிட்டுப் போனார். குடிமக்களுக்கு அந்தக் கஷ்டத்தைக்கூட வைக்காத நிர்வாகம் அது.

மாகிரட் ஆவணங்கள் சேர்த்த கதையை விரித்தால் இடம் போதாது. பொலிஸ் அறிக்கைக்காகப் போன இடத்தில், "உங்கள்மேல ஒரு முறைப்பாடும் இல்லையே," என்று ஒரு பொலிஸ்காரர் குறைபோலச் சொன்னார். வைத்திய அறிக்கைக்காகப் போன இடத்தில் மருத்துவர், "உங்களுக்கு ஒண்டுமில்லை, பிறகேன் இந்தியாவுக்குப் போறியள்?" என்று கேட்டார். கணவர் இன்னும் இறந்தே இருக்கிறார் என்பதும் உறுதியானது. மாகிரட் அந்தக் கடதாசியோடு நேரே சேமக்காலைக்குப் போய், கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, "குறைநினைக்காதேங்கோ, அவையள்தான் கேட்டவை," என்று சொல்லிவிட்டு வந்தார்.

இதற்கிடையில் நகரத்தில் ஒரு மறுமலர்ச்சி நிகழ்ந்தது. தொலைபேசி திருத்துகிற நஸ்ரி தன் கடையை ஒரு வெள்ளிக்கிழமை மூடினார். திங்கட்கிழமை அது 'நஸ்ரி குளோபல் குடியமர்வு ஆலோசனை மையம்' என்று திறந்தது. மேசையில் அதே திருகாணிச் சாவிகள்தான் கிடந்தன. ஆனால் நஸ்ரியின் கழுத்தில் இப்போது ஒரு அடையாள அட்டை தொங்கியது. அதைக் கொடுத்ததும் அவரே, வாங்கியதும் அவரே.

அவருடைய முதற்பணி ஒரு விழிப்புணர்வுச் செயலமர்வு. தலைப்பு: 'சட்டப்படி புறப்படுவோம்! சட்டப்படி சேருவோம்!' பிரதம விருந்தினர் கனகசூரியம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை வரவேற்றது, தலைமையுரை தலையாட்டியது, வாழ்த்துரை எல்லோரையும் தூங்கவைத்தது. பிறகு நஸ்ரி திரையில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் ஒரு மனிதன் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

"இவர் ஏன் சிரிக்கிறார்?" என்று நஸ்ரி சபையைக் கேட்டார்.

"அவருக்கு விசா கிடைச்சிருக்கும்," என்றது ஒரு குரல்.

"இல்ல! அவருக்கு என்னென்ன கடதாசி வேணுமெண்டு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிருக்கிறதுதான் சந்தோசம். கிடைக்கிறது வேற விசயம்."

சபை கைதட்டியது. கேள்வி நேரத்தில் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஸெய்னுதீன் எழுந்தார். நல்ல வெள்ளைத் தாடி, கையில் ஒரு பலகாரப் பெட்டி.

"தம்பி, என்ட மகளைக் காயல்பட்டணத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. பேரன் பொறந்திருக்கான். அவனப் போய்ப் பாக்கிறதுக்கு என்ன பிரிவு?"

நஸ்ரி கனகசூரியத்தைப் பார்த்தார். கனகசூரியம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"அது 'பார்வையிடல்' பிரிவில வரும். ஆனா பார்வையிடுகிற இடம் முன்கூட்டிப் பதியப்பட்ட இடமா இருக்கோணும். உங்கட பேரன் பதியப்பட்டிருக்கிறாரோ?"

"பேர் வச்சாச்சு சேர், பதிஞ்சத்தப் பத்தித் தெரியா."

"அதுதான் பாருங்கோ," என்று கனகசூரியம் சபையை நோக்கித் திரும்பினார். "விழிப்புணர்வு இல்லாததாலதான் எங்கட சனம் கஷ்டப்படுகுது."

மேலதிக விவரங்களுக்கு ஒரு கறுப்புக் கட்டம்போட்ட சதுரத்தைத் தொலைபேசியால் படம்பிடிக்கச் சொன்னார்கள். எல்லோரும் பிடித்தார்கள். நஸ்ரியின் பழைய கடையில் தொலைபேசி உறைகளின் விலை எல்லோருடைய திரையிலும் வந்தது. மாகிரட் சிவப்பு நிறத்தில் ஒன்று வாங்கினார். செயலமர்வால் அவருக்குக் கிடைத்த உறுதியான பயன் அதுவே.

கடைசிக் கடதாசியும் வந்து சேர்ந்த நாளில் மாகிரட் நீலச் சேலை உடுத்து, ஒரு பெட்டி ரோல்ஸோடு அலுவலகப் படியேறினார். 'புறப்படுதல்' யன்னலில் கனகசூரியம் கோப்பைப் புரட்டினார். முத்திரை குத்தினார். எழுந்து கைகூப்பினார்.

"திறம்! எல்லாம் சரி. இந்தப் பக்கம் உங்களைப் போக விட்டிட்டம். இனி அடுத்த யன்னல்."

பிறகு அவர் யன்னலை மூடினார். 'உத்தியோகத்தர் ஆசனத்தில் இல்லை' என்ற அட்டையை மாட்டினார். சில்லுக் கதிரை கிறீச்சிட்டுக்கொண்டு நாலடி உருண்டது. 'வந்துசேர்தல்' யன்னல் திறந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்ட கனகசூரியம் முன்பின் தெரியாத முகத்தோடு பார்த்தார்.

"வணக்கம். உங்கட பெயர்?"

"என்ன சேர், இப்பதானே..."

"அந்த யன்னலில நடந்தது இந்த யன்னலுக்குத் தெரியப்படாது, அம்மா. தனிமனிதத் தகவல் பாதுகாப்பு."

மாகிரட் மரியாதையோடு தன் பெயரைச் சொன்னார். பிறந்த திகதியைச் சொன்னார். கனகசூரியம் கணினியில் தட்டினார். முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு அனுமதி தர ஏலாது."

"ஏன் சேர்? எல்லாக் கடதாசியும் இருக்குதே?"

"கடதாசியில பிழையில்லை. நீங்கள் ஏற்கெனவே அங்கதான் இருக்கிறியள். உள்ளுக்கு நிக்கிற ஆளுக்கு உள்ளுக்கு வர அனுமதி குடுக்க ஏலாதுதானே?"

மாகிரட் ஒருமுறை தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். நீலச் சேலை. செருப்பு. ரோல்ஸ் பெட்டி. எல்லாம் திருகோணமலையில்தான் இருந்தன.

"மண்டபம் அகதி முகாம்," என்று கனகசூரியம் வாசித்தார். "தொண்ணூறாம் ஆண்டு பதிவு. தாயும் மகளும். வெளியேறினதா ஒரு பதிவும் இல்லை."

அப்போதுதான் மாகிரட்டுக்கு விளங்கியது. அந்த வருடம் அவருக்குப் பதினெட்டு வயது. ஊர் எரிந்தது. தாயும் அவரும் காட்டு வழியாக நடந்து, மன்னார்க் கரையில் ஒரு வள்ளத்தில் ஏறினார்கள். வள்ளத்தில் இடமிருந்ததைவிடச் சனம் கூட. விடியக்காலையில் அந்தக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். யாரோ ஒருவர் கைபிடித்துத் தூக்கிவிட்டார், யாரோ ஒருவர் சோறு தந்தார், அதற்குப் பிறகுதான் பெயரைக் கேட்டார்கள். நாலு வருடம் அங்கே இருந்தார்கள். தாய்க்கு நோய் முற்றி, ஊரில்தான் கண்மூடுவேன் என்று அழுதபோது, போன வழியே ஒரு வள்ளத்தில் திரும்பி வந்தார்கள். போகும்போது போலவே வரும்போதும் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"நான் திரும்பி வந்தனான், சேர். அம்மாவை இஞ்சத்தைச் சேமக்காலையிலதான் தாட்டனாங்கள்."

"வந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"நான் இஞ்ச நிக்கிறனே!"

"நிக்கிறது அத்தாட்சி இல்லை, அம்மா. அது தோற்றம். இஞ்ச வந்ததைப் பற்றி அடுத்த யன்னலில கேளுங்கோ."

கதிரை நாலடி திரும்பி உருண்டது. 'புறப்படுதல்' யன்னலில் கனகசூரியம் கோப்பை மறுபடியும் திறந்தார். இம்முறை அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"அம்மா, ஒரு சின்னச் சிக்கல். நீங்கள் இந்த நாட்டுக்குத் திரும்பி வந்ததா ஒரு பதிவும் இல்லை. இல்லாத ஆளுக்கு நான் எப்படிப் புறப்பட அனுமதி குடுக்கிறது? குத்தின முத்திரையை எடுக்கவேண்டியிருக்கு." முத்திரையை எடுக்க வழியில்லாததால் அதன்மேல் இன்னொரு முத்திரை குத்தினார்.

"என்னட்ட அடையாள அட்டை இருக்குது. வரி கட்டுறன். போன தேர்தலில வோட்டும் போட்டனான்."

"வோட்டுப் போட ஆள் இருக்கோணும் எண்டு அவ்வளவு கட்டாயமில்லை, அம்மா."

"அப்ப நான் எங்க இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ!"

கனகசூரியம் இரண்டு யன்னல்களுக்கும் நடுவிலிருந்த தூணைப் பார்த்தார். பிறகு மிகத் தெளிவாக வழியை விளக்கினார். மாகிரட் இந்தியாவிலிருந்து வெளியேறிவிட்டார் என்று முதலில் பதியவேண்டும். அதற்கு வெளியேறும் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு அங்கே நேரில் சமுகமளிக்கவேண்டும். நேரில் சமுகமளிக்க உள்நுழையும் அனுமதி வேண்டும். உள்நுழையும் அனுமதிக்கு அவர் முதலில் வெளியேறியிருக்கவேண்டும். இதைவிட ஒழுங்காக ஒரு விஷயத்தை எவராலும் அடுக்க ஏலாது.

மாகிரட் ரோல்ஸ் பெட்டியை யன்னலில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். உப்புவெளி பஸ்ஸில் யன்னலோரம் இருந்து கடலைப் பார்த்தபடி வந்தார். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டவில்லை. ஜெஸீமா தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"அங்க ஒருத்தி நிக்கிறாள், ஜெஸீமா," என்றார் மாகிரட். "பதினெட்டு வயசு. இன்னும் அந்தச் சோத்து வரிசையில நிக்கிறாள். ஒருத்தரும் அவளைப் போகச் சொல்லேல்லை."

ஜெஸீமா பக்கத்தில் குந்தினாள். "பதினெட்டு வயசா? அக்கா, அவளும் மாப்பிளை வீட்டுக்குக் கிட்டத்தானே இருக்காள். கவனம்," என்றாள். மாகிரட்டுக்குத் தேத்தண்ணி புரையேறியது. இரண்டு பேரும் கண்ணீர் வருமட்டும் சிரித்தார்கள்.

பின்னேரம் சவரிராயனுக்குச் செய்தி போனது. மறுபக்கத்திலிருந்து எஞ்சின் கிளம்புவதுபோல் ஒரு சிரிப்பு வந்தது.

"ஏங்க, இத்தனை வருசமாப் பக்கத்துலேயே இருந்துக்கிட்டு ஒருநாள் வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலையே நீங்க!"

"பகிடி விடாதேங்கோ. நான் அழுது முடிச்சு இப்பதான் முகம் கழுவினனான்."

"அழாதீங்க மாகிரட்டு. நாளைக்கு நானே போய் விசாரிக்கிறேன்."

அவர் உண்மையாகவே பட்டறையைப் பூட்டிவிட்டு முகாம் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். போன இடத்தில் ஒரு அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பளை இங்கதான் இருக்கணும், எங்க?" என்று கேட்டாராம். சவரிராயன் உண்மையைச் சொன்னார்: "அவங்க திருகோணமலையில இருக்காங்க சார்." அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "முகாம்ல இருக்க வேண்டிய ஆளை எந்தப் படகுல அனுப்பி வச்சே?" அன்று மாலைவரை சவரிராயன் ஒரு பெஞ்சில் உட்கார்த்திவைக்கப்பட்டார். அவர் வீட்டு அலுமாரிக்குப் பின்னால்கூட ஒருவர் வந்து மாகிரட்டைத் தேடினார். படுக்கையில் கிடந்த தாய், "யாரைப்பா தேடுற?" என்று கேட்க, "உங்க மருமகளைத்தான்," என்றாராம் அவர். கிழவிக்கு ஒரே சந்தோசம். அரசாங்கமே வந்து மருமகளைத் தேடுகிறதே!

அடுத்தநாள் சவரிராயன் தொலைபேசியில் சொன்னார்: "இது சரிப்பட்டு வராது. நான் அங்க வாரேன்."

"உங்களுக்கு என்ன என்ன கடதாசி கேப்பினமோ தெரியாது..."

"போன்லயே கேட்டாங்க. சுற்றுலாவான்னு கேட்டாங்க, ஆமான்னேன். டீ ஆறுறதுக்குள்ள விசா வந்துருச்சு."

தாயைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுச் சவரிராயன் வந்தார். ஒரு மாதத்துக்குச் சுற்றுலாப் பயணி. பயணி சுற்றிப் பார்த்தது மாகிரட்டின் குசினியையும், பக்கத்து ஊரான சல்லியில் கரையேற்றியிருந்த வள்ளங்களின் எஞ்சின்களையும்தான். எஞ்சின்களைத் தொட்டால் அது 'தொழில்' ஆகிவிடும் என்று நஸ்ரி எச்சரித்ததால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் திருத்தினார். "அந்த நட்டை இளக்கு. அதில்லைப்பா, பக்கத்துல." மீனவர்கள் அவரைத் தலைக்குமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

கலியாணத்தைப் பதிய அவருக்கும் கடதாசிகள் தேவைப்பட்டன. ஆனால் சவரிராயன் ஒரே சமயத்தில் ஒரே நாட்டில் இருந்தார். அது பெரிய வசதி. எல்லாம் முடிந்தன. உப்புவெளிக் கோயிலில் பங்குச் சுவாமி கையைச் சேர்த்துவைத்தபோது, ஜெஸீமா வாசலில் தங்கச் சரிகை முக்காட்டோடு நின்று எல்லோரைவிடவும் சத்தமாக மூக்கைச் சிந்தினாள். ஸெய்னுதீன் பேரனுக்குக் கொண்டுபோக வைத்திருந்த தொதல் பலகாரப் பெட்டியைக் கொண்டுவந்து பந்தியில் பிரித்துவைத்தார். பேரன் இன்னும் பதியப்படவில்லை. நஸ்ரி இலவசமாகப் படம்பிடித்தார், ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் மையத்தின் பெயரோடு.

மாகிரட்டுக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. அவர் எந்த நாட்டின் நிலத்தில் இல்லை என்பது பற்றி அன்று எவரும் கேட்கவில்லை.

பந்தியில் பிரதான கதிரையில் கனகசூரியம் இருந்தார். புதிய கழுத்துப்பட்டி. முன்னால் தட்டு நிறைய ரோல்ஸ். சவரிராயன் தானே நின்று பரிமாறினார். மணமக்களை வாழ்த்த எழுந்த கனகசூரியம், இருகரை நல்லுறவுக்கு இந்தக் கலியாணம் ஒரு மைல்கல் என்றும், அலுவலகத்தின் முதல் ஆண்டறிக்கையில் இது 'வெற்றிக் கதை' என்ற தலைப்பில் இடம்பெறும் என்றும் அறிவித்தார். பிறகு உட்கார்ந்து, மாகிரட்டைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அம்மா, இனி உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. 'ஏனையவை'யை வெட்டிப்போட்டு 'மனைவி' பிரிவில புதுசா விண்ணப்பிக்கலாம். அங்கயிருந்து நீங்கள் வெளியேறின அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

மாகிரட் சவரிராயனைப் பார்த்தார். அவர் ஒரு பிள்ளைக்கு ரோல்ஸை ஊதி ஆறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை சுற்றுலா முடிகிறது. தாய் காத்திருக்கிறார். சவரிராயன் போய்விடுவார். பிறகு அவர் அங்கே டீ குடிப்பார், இவர் இங்கே தேத்தண்ணி குடிப்பார்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ?"

"தாராளமாக் கேளுங்கோ. அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம்."

"தொண்ணூறில நான் போகேக்க ஒரு கடதாசியும் இல்லை. போகாத எண்டு இந்தக் கரையில ஒருத்தரும் மறிக்கேல்லை. வராத எண்டு அந்தக் கரையில ஒருத்தரும் மறிக்கேல்லை. அந்த முறையிலயே இன்னொருக்காப் போகேலாதோ?"

கனகசூரியம் ரோல்ஸை விழுங்கிவிட்டுப் பொறுமையாகச் சிரித்தார். "அது விசேட ஏற்பாடு, அம்மா. சண்டைக் காலத்துக்கு மட்டும்."

"அப்ப அடுத்த சண்டை எப்ப எண்டு சொல்லுங்கோ, சேர். நான் பெட்டியைக் கட்டிவைக்கிறன்."

கனகசூரியம் கைதுடைத்தார். பழக்கதோஷத்தில் முதலில் இடப்பக்கம் பார்த்தார், பிறகு வலப்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு சொன்னார்:

"அதை நாங்கள் முன்கூட்டி அறிவிக்கிறேல்லை, அம்மா."